தாடை மூட்டும் தமிழாசிரியரும்

எழுத்துகளின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியர், ஒலி தோன்றுதற்கு இன்றியமையாத இடங்களும் உறுப்புகளும் எட்டென வகுத்தார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பன அவை. பின்வந்த பவணந்தியார், காற்று நிலைபெறும் இடங்கள் நான்கு என்றும், முயற்சி செய்யும் உறுப்புகள் நான்கு என்றும் அவற்றைப் பிரித்துரைத்தார். அகரமும் ஆகாரமும் வாயைத் திறத்தலாகிய அங்காத்தலால் பிறக்கும் என்பதில் இருவரும் ஒத்த கருத்தினர். அங்காப்பதற்குத் தாடை கீழே இறங்க வேண்டும். ஆயினும் அவ்விருவர் தந்த பட்டியலிலும் தாடைக்கு இடமில்லை. வடமொழியில் தைத்திரீயப் பிராதிசாக்கியம் என்னும் ஒலியியல் நூலோ, ககர வரிசை பிறக்குமிடத்தைத் தாடையின் அடி என்று சுட்டிச் செல்கின்றது.

இதனை நம் இலக்கண ஆசிரியர்களின் குறையாகக் கூற நான் வரவில்லை. நலமாக இயங்கும் உறுப்பை எவரும் நினைப்பதில்லை என்பது உலகியல்பு. செருப்பு கடிக்கும்போதுதான் கால் நினைவுக்கு வருகின்றது. தாடை மூட்டு நோவெடுத்து, வாய் திறக்குந்தோறும் ஒலியெழுப்பத் தொடங்கிய பிறகே, அங்காத்தல் என்னும் சொல்லின் முழுப்பொருளும் எனக்கு விளங்கிற்று. அந்நோயை மனிதகுலம் எவ்வாறு அறிந்தது, எங்கெங்கே தவறாக அறிந்தது, எப்பொழுது திருந்தியது என்பதைத் தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பழைய வகுப்பறை

1970களின் இறுதியில் நான் தொடக்கப்பள்ளி மாணவன். எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் செய்யுளை உரக்கப் படிக்கும்போது, அவருடைய காதருகே 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். நெடில் வரும் இடங்களில் அவ்வொலி தவறாமல் வரும். முன்வரிசையில் அமர்ந்திருந்த எங்களுக்கு அது பெரும் வேடிக்கை. அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத என் கை கூசுகின்றது. ஒருநாள் அவர் ஆகாரத்தில் நின்றபோது, வகுப்பிலிருந்த நாற்பது பேரும் நாவால் 'டக்' என்று ஒலியெழுப்பினோம். அவர் எங்களை அடிக்கவில்லை, வையவுமில்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டு முழுவதும் அவர் செய்யுளை வாய்விட்டுப் படித்ததாக எனக்கு நினைவில்லை. எழுதிப்போடுவார், நாங்கள் படிப்போம். இனிய குரலுடைய ஒருவரின் வாயை நாங்கள் அடைத்துவிட்டோம் என்பது அப்பொழுது எங்களுக்குத் தெரியவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. நானும் ஆசிரியனானேன். ஆசிரியப் பயிற்சியில் குரலைப் பேணும் முறையைக் கற்பித்தனர். நிற்கும் முறையை, கரும்பலகையில் எழுதும் முறையைக் கற்பித்தனர். தாடையைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் கூறியதில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் முதல், கொரோனா பெருந்தொற்றின் காரணமாகச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்தும் இல்லத்திலிருந்தே கற்பிக்கும் முறைக்கு மாறின. கணினித் திரைக்கு முன் கழுத்தை நீட்டி அமர்ந்து, முகம் தெரியாத மாணவர்களுக்காக உரத்துப் பேசினேன். பேசாத நேரங்களில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதை நானே அறியவில்லை. சில வாரங்களில் காதுக்கு முன்புறம் நோவெடுத்தது. ஒருநாள் காலை, உணவை வாயிலிடத் திறந்தபோது 'டக்' என்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிரித்த அதே ஒலி.

கொடிறு என்னும் சொல்

திருக்குறளின் கயமை அதிகாரத்தில் தாடையைக் குறிக்கக் 'கொடிறு' என்னும் சொல் ஆளப்படுகின்றது. அச்சொல்லுக்கே பற்றுக்குறடு என்னும் பொருளும் உண்டு. பொற்கொல்லர் கையாளும் குறட்டையும் மனிதனின் தாடையையும் ஒரே சொல்லால் சுட்டிய முன்னோரின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. நான் சிறுவனாயிருந்த காலத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைகளில் பொற்கொல்லர்கள் தரையில் அமர்ந்து, குறட்டால் தங்கக் கம்பியைப் பற்றி இழுப்பதை வேடிக்கை பார்த்ததுண்டு. இரண்டு கைகள், நடுவே ஓர் ஆணி. அவ்வளவே குறட்டின் அமைப்பு.

தாடையோ அதனினும் சிக்கலானது. செவியினுள் இருக்கும் சிற்றெலும்புகளை விலக்கிப் பார்த்தால், மண்டையோட்டில் அசையும் எலும்பு கீழ்த்தாடை ஒன்றே. அதற்கு ஆணி ஒன்றன்று, இரண்டு. வலச்செவிக்கு முன் ஒன்றும் இடச்செவிக்கு முன் ஒன்றுமாக அமைந்த இரு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஆதலின் ஒன்று அசையாமல் மற்றொன்று அசைய இயலாது. மேலும், வாயைச் சிறிது திறக்கும்போது கதவின் கீல்போலச் சுழலும் இம்மூட்டு, அகலத் திறக்கும்போது தன் குழியைவிட்டு முன்னோக்கி வழுக்கிச் செல்லும். சுழற்சியும் வழுக்குதலும் ஒருங்கே நிகழும் மூட்டு இது. எலும்பும் எலும்பும் உராயாதபடி இடையே நாரால் ஆன மெல்லிய தகடு ஒன்று உள்ளது. அத்தகடு தன் இடத்திலிருந்து முன்னே நழுவியிருப்பின், வாய் திறக்கும்போது தாடைக் குமிழ் அதன் விளிம்பைத் தாண்டி ஏறும். அவ்வாறு ஏறும்போது எழுவதே நாம் கேட்கும் சொடுக்கு. தகடு நழுவியவாறே நின்று வழிமறித்தால், சொடுக்கு நின்றுபோய் வாய் திறவாமல் தடைப்படும். வளர்ந்தோர்க்கு இயல்பான வாய்த்திறப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை; அவரவர் விரல் மூன்றை அடுக்கி நுழைக்கும் அளவு. எனக்கு அந்நாளில் இரண்டு விரலே நுழைந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகாரத்தை ஒலித்துக் காட்ட முடியாத தமிழாசிரியர் எதற்கு என்று அன்றிரவு எண்ணியதுண்டு.

முன்னோர் அறிந்ததும் அறியாததும்

தாடையின் துன்பம் நாகரிகத்தைப் போலவே பழமையானது. 1862ஆம் ஆண்டில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் எகிப்தில் விலைக்கு வாங்கிய நாணற்புல் ஏடு, கி.மு. 1600ஐ ஒட்டிய காலத்தில் எழுதப்பட்டது. காயங்களையும் முறிவுகளையும் பற்றிய 48 குறிப்புகள் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்று, தாடை விலகி வாயை மூட இயலாதவனுக்கு மருத்துவம் செய்யும் முறையைக் கூறுகின்றது. கட்டைவிரல்களை வாயினுள்ளும், ஏனைய விரல்களை மோவாயின் கீழும் வைத்துத் தாடையைப் பின்னே தள்ளிப் பொருத்துக என்பது அதன் அறிவுரை. இன்றைய மருத்துவர் செய்வதும் பெரும்பாலும் அதுவே.

நம் நாட்டில் சுசுருதர், தாடைச் சந்தி நெகிழ்ந்து விலகும் நோயை 'ஹனுமோட்சம்' என்று பெயரிட்டு, வாதத்தின் சீற்றமே அதற்குக் காரணம் என்றார். வாக்படரின் நூல் இன்னும் நுட்பமாகப் பேசுகின்றது. நாவை அளவுக்கு மீறி வழித்தல், உலர்ந்த பொருளை உண்ணல், அடிபடுதல் ஆகியவற்றால் தாடையின் அடியில் வாதம் சீறும். அதனால் வாய் திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும். மெல்லுதலும் பேசுதலும் அரிதாகும் என்பது அந்நூலின் கருத்து. மெல்லுதலோடு பேசுதலையும் சேர்த்துக் கூறிய அம்மருத்துவரை நான் நன்றியோடு நினைக்கின்றேன். தாடை உணவுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் அறிந்திருந்தார். ஹனு என்னும் வடசொல்லுக்குத் தாடை என்பது பொருள். இந்திரனின் வச்சிரம் தாக்கித் தாடை சிதைந்தமையால் அனுமன் அப்பெயர் பெற்றான் என்பது கதை. இராம காதையில் சொல்வன்மைக்குப் பெயர்போனவன் தாடையில் அடிபட்டவன் என்பது, என்போன்றோர்க்கு ஆறுதல் தரும் செய்தி.

மருத்துவ வரலாற்றில் தாடை எலும்பு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதிவைத்தார். அவர் அறிந்தவை பெரும்பாலும் விலங்குகளின் உடல்கள். அவர் சொல்லை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக உலகம் நம்பிற்று. 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் கொடும்பஞ்சம் ஏற்பட்டது. அப்பொழுது அங்கிருந்த அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி என்னும் அறிஞர், கேட்பாரற்றுக் கிடந்த எலும்புக் குவியலில் 2000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார். மனிதனின் கீழ்த்தாடை பொருத்தில்லாத ஒரே எலும்பு என்று கண்டு எழுதினார். காலனிடம் தமக்கிருந்த மதிப்பைக் குறைத்துக்கொள்ளாமலே, கண்ணாற் கண்டது நூலினும் வலியது என்று அவர் துணிந்தார். 1543ஆம் ஆண்டில் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூற்று நூலும் அதனையே நிலைநாட்டியது. ஆசிரியர் கூறினார் என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை மாணவர்க்கு உணர்த்த, இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஒரு பிழையின் நீண்ட வாழ்வு

விலகிய தாடையைப் பொருத்துவது பழங்கலை. விலகாமலே நோவெடுத்துச் சொடுக்கும் தாடையை ஆராய்ந்ததோ அண்மைக் காலத்து முயற்சி. 1887ஆம் ஆண்டில் எடின்பரோ நகரின் அறுவை மருத்துவர் தாமஸ் அன்னண்டேல், நழுவிய தகட்டை இழுத்துத் தைத்த செய்தியை வெளியிட்டார். 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பதினொரு நோயாளரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதடைப்பு, காதிரைச்சல், தலைநோவு, கிறுகிறுப்பு ஆகியவற்றோடு வந்த அவர்களில் பலருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. பல் இன்மையால் தாடை அளவுக்கு மேல் மூடிக்கொண்டு, மூட்டருகே உள்ள நரம்புகளை நசுக்குகின்றது என்று அவர் விளக்கம் தந்தார். அவர் பெயராலேயே அந்நோய் அழைக்கப்பட்டது.

அவ்விளக்கம் கேட்பதற்கு எளிதாயிருந்தது, ஆகவே பரவியது. 1948ஆம் ஆண்டில் உடற்கூற்றறிஞர் ஹாரி சிக்கர், காஸ்டன் கூறியவாறு நரம்பு நசுங்குவதற்கு அவ்விடத்தின் அமைப்பே இடந்தராது என்று காட்டினார். ஆயினும் குற்றம் பல்லில்தான் என்னும் நம்பிக்கை மறையவில்லை. பற்கள் சரியாகப் பொருந்தாமையே நோவுக்குக் காரணம் எனக் கருதிய மருத்துவர் பலர், நல்ல பற்களைத் தேய்த்துச் சமன்செய்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ சுவார்ட்ஸ் என்பவர் மாறுபட்ட வழியில் சென்றார். அவர் நோயாளரின் பல்லை மட்டும் பாராமல், மெல்லும் தசைகளையும் அவர்தம் மனநிலையையும் கருதினார். 1969ஆம் ஆண்டில் சிக்காகோவின் டேனியல் லாஸ்கின், தசைகளின் இறுக்கமும் சோர்வுமே பெரும்பாலோரின் நோவுக்குக் காரணம் என்றும், கவலையின்போது பல்லைக் கடிக்கும் பழக்கம் அதனை வளர்க்கின்றது என்றும் எழுதினார்.

அவர் குழுவினர் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மறக்கத்தக்கதன்று. நோயாளரின் பற்களைத் தேய்ப்பதுபோல் அவர்கள் பாவனை மட்டும் செய்தனர், உண்மையில் தேய்க்கவில்லை. அவ்வாறிருந்தும் நோயாளரில் பெரும்பாலோர் நோவு நீங்கியதாகக் கூறினர். நோவு பொய்யானது என்று இதற்குப் பொருளன்று. அக்கறையோடு கவனிக்கப்படுவதும், நலமாகும் என்னும் நம்பிக்கையும், காலமும் சேர்ந்து பலருக்கு இந்நோவைத் தணிக்கின்றன என்பதே பொருள். தேய்த்தமையால் குணமானது என்று நம்பி, எத்தனை பேர் தம் நல்ல பற்களை இழந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனினும் கொடிய நிகழ்ச்சி 1980களில் நேர்ந்தது. தகட்டை அறுத்தெடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டைப் பொருத்தும் முறை அமெரிக்காவில் பரவியது. மெல்லும் விசையைத் தாங்காமல் அப்பொருள் துகள்துகளாயிற்று. உடல் அத்துகள்களை எதிர்க்கப் புகுந்து, சூழ்ந்திருந்த எலும்பையே அரித்தது. 1990ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது. அடுத்த ஆண்டில் அப்பொருள் திரும்பப் பெறப்பட்டது. சொடுக்கு நீங்க வேண்டும் என்று சென்றவர்களில் பலர், வாழ்நாள் முழுவதும் தீராத நோவோடு திரும்பினர்.

1992ஆம் ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் டுவார்க்கின், லிண்டா லெரெஷ் ஆகிய இருவரும் இந்நோயைக் கண்டறிவதற்கு ஒழுங்கான அளவுகோல் ஒன்றை வகுத்துத் தந்தனர். அதன் சிறப்பு, அது இரண்டு அச்சுகளைக் கொண்டமையாகும். முதலாவது உடலை அளப்பது. மூட்டு, தசை, தகடு ஆகியவற்றின் நிலை அதில் அடங்கும். இரண்டாவது, நோவு அம்மனிதனின் வாழ்வை எவ்வளவு குறுக்கியது, அவன் மனம் எவ்வாறுள்ளது என்பதை அளப்பது. 2014ஆம் ஆண்டில் இவ்வளவுகோல் திருத்தி விரிவாக்கப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 12 பேர்க்கு இந்நோவு உண்டென்றும், ஆடவரைவிடப் பெண்டிர்க்கே மிகுதியென்றும் கணக்கிட்டுள்ளனர். நோவின்றி எழும் வெறும் சொடுக்கு நலமுடையோர் பலரிடத்தும் உண்டு. அதற்கு மருத்துவம் தேவையில்லை என்பது இன்றைய முடிபு. 2023ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதலும், பயிற்சி, தசையை நீவுதல், மனத்தைப் பழக்குதல் ஆகியவற்றையே முன்வைத்து, திரும்பப் பெற இயலாத மருத்துவ முறைகளை வன்மையாக விலக்கிற்று.

சிங்கப்பூரில்

நம் தீவில் முறையான மருத்துவக் கல்வி 1905ஆம் ஆண்டில் தோன்றியது. பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில், 1929ஆம் ஆண்டில் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. அது 1949இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையாக விளங்குகின்றது. 1997ஆம் ஆண்டில் ஊட்ரம் வட்டாரத்தில் தேசியப் பல் மருத்துவ நிலையம் செயற்படத் தொடங்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கப்பூர் ஆய்வாளர்கள், மேற்கூறிய இரட்டை அச்சு அளவுகோலை இங்குள்ள நோயாளரிடம் பயன்படுத்தி, அவர்களுள் கணிசமானோர்க்கு மனச்சோர்வும் சேர்ந்திருப்பதை எடுத்துக்காட்டினர். மேலைநாட்டாரின் ஏட்டறிவை நம் மக்களிடம் சோதித்தறிந்த அப்பணி பாராட்டுக்குரியது.

தாடைக்கு நாம் இழைக்கும் தீமைகளையும் இவ்விடத்தில் கூற வேண்டும். லிட்டில் இந்தியாவில் தேங்காய்ப்பூத் துவாலை தோளில் போட்ட பெரியவர்கள், கடைவாயில் வெற்றிலைபாக்கை அடக்கியபடி ஊர்க்கதை பேசியதை நாம் கண்டிருக்கின்றோம். பல் போனவர்க்குச் சிற்றுரலில் இடித்துக் கொடுப்பதும் உண்டு. கொட்டைப்பாக்கு ஓயாது மெல்லப்படும்போது வாயின் உட்தோல் நாராகி இறுகி, வாயே திறவாத நிலை ஏற்படும். 1952ஆம் ஆண்டு முதல் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்ற இந்நோய், மூட்டு நோயின் வேறானது; ஆயினும் பாமரர் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவர். கொட்டைப்பாக்கு புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. குட்கா, கைனி, சர்தா போன்ற புகையிலைப் பொருள்களைச் சிங்கப்பூர் அரசு 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தடைசெய்தது. சூயிங்கத்தின் இறக்குமதியும் விற்பனையும் 1992இலேயே தடைசெய்யப்பட்டன. 2004 முதல் மருத்துவப் பயனுடையவை மட்டும் பல் மருத்துவர், மருந்தாளர் வழியே கிடைக்கின்றன. பொது இடங்களின் தூய்மைக்காக வந்த சட்டம் அது. ஓயாது மெல்வதால் அலுத்துப்போகும் தாடைகளுக்கும் அது நன்மை செய்தது என்று கூறினால் தவறாகாது.

நான் கற்றவை

என் நோவுக்கு நான் முதலில் சென்ற இடத்தில், கடைவாய்ப் பற்கள் நான்கைத் தேய்த்துச் சமன்செய்தால் சொடுக்கு நின்றுவிடும் என்றனர். நாளும் குறித்தனர். வீட்டில் என் மனைவி கேட்ட ஒரு கேள்வி என்னைத் தடுத்தது. "தேய்த்த பல் திரும்ப வளருமாங்க?" என்றாள். அந்த நாளைத் தள்ளிவைத்தேன். பிறகு கண்ட மருத்துவர் ஒருவர், கருவி எதனையும் எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் என்னைப் பேசவிட்டார். என்ன வேலை, எவ்வாறு உறங்குகின்றீர், எதை எண்ணிக் கவலைப்படுகின்றீர் என்று கேட்டார். "உங்கள் பல் நன்றாக இருக்கிறது. அதற்கு ஓய்வுதான் இல்லை" என்றார்.

பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம், மெல்லுவதும் விழுங்குவதும் சேர்த்து, நாளொன்றுக்கு அரைமணிக்கும் குறைவே. மற்ற நேரமெல்லாம் இதழ் சேர்ந்தும் பல் பிரிந்தும் இருத்தலே இயல்பு. இந்நிலையைப் பழக, நாவின் நுனியை மேல் அண்ணத்தில் மெல்ல வைக்குமாறு மருத்துவர் பணித்தார். அங்ஙனம் வைத்த அளவில் எனக்குச் சிரிப்பு வந்தது. னகரத்தின் பிறப்பிடமன்றோ அது! நுனிநா அண்ணத்தைத் தொடப் பிறப்பது னகரம் என்று ஆண்டுதோறும் கற்பித்துவந்தேன். 'ன்' என்று ஒலித்து அந்நிலையிலேயே நிற்க, பற்கள் தாமே பிரிகின்றன; தாடை தானே தளர்கின்றது. தொல்காப்பியப் பிறப்பியல் எனக்கு மருந்தாயிற்று.

பிறவும் எளியவையே. முறுக்கு, சீடை, கச்சாங் பூத்தே ஆகியவற்றுக்குச் சில திங்கள் விடை கொடுத்தேன். உணவைச் சிறு கவளமாக்கி இருபுறமும் மென்றேன். வெந்நீரில் நனைத்த துணியைக் கன்னத்தில் கால்மணி நேரம் ஒற்றினேன். கொட்டாவி வரும்போது நம் பெரியோர் வாய்முன் சொடுக்குப் போடுவர். நான் மோவாயின் கீழ் முட்டியை ஊன்றி, வாய் அகலாமல் தடுக்கக் கற்றேன். கையில் மோவாயைத் தாங்கி அமரும் வழக்கத்தை விட்டேன். வகுப்பில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தினேன். நீண்ட செய்யுளை நான் ஒருவனே படிப்பதை நிறுத்தி, அடிக்கு ஒருவராக மாணவரைப் படிக்கச் செய்தேன். ஆறு திங்களில் நோவு பெரும்பாலும் அடங்கியது. வாயில் மூன்று விரல் நுழைந்தது. சொடுக்கு இன்றும் உண்டு. அதனோடு வாழப் பழகிவிட்டேன்.

எச்சரிக்கை ஒன்றும் கூறுதல் என் கடமை. வாய் பூட்டிக்கொண்டாலோ, வீக்கமும் காய்ச்சலும் கண்டாலோ, முகம் மரத்தாலோ மருத்துவரை நாடத் தாழ்க்கலாகாது. ஐம்பதைக் கடந்தவர்க்கு மெல்லும்போது தாடை சோர்ந்து, நெற்றிப்பொட்டில் நோவும் பார்வையில் மங்கலும் தோன்றினால், அது கண்ணையே பறிக்கக்கூடிய இரத்தக்குழாய் நோயாக இருக்கலாம். மார்பு இறுக்கத்தோடு தாடைக்குப் பரவும் நோவு நெஞ்சாங்குலையின் அபயக்குரலாகலாம். இவற்றில் ஒருநாளும் காத்திருத்தல் கூடாது.

முடிவுரை

துன்பத்தைத் தாங்குவதைத் தமிழில் 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல்' என்கின்றோம். அதனை ஓர் உயர்ந்த பண்பாகவே பிள்ளைகளுக்கும் கற்பிக்கின்றோம். அவ்வழக்கில் ஓர் உடலியல் உண்மை ஒளிந்திருக்கின்றது. பொறுப்பவர் பல்லைக் கடிக்கின்றார். கடித்த பல்லின் சுமையைத் தாடை மூட்டுச் சுமக்கின்றது. அரை நூற்றாண்டு மருத்துவ உலகம் பல்லில் குற்றம் கண்டு, பல்லைக் கடிக்கச் செய்த வாழ்வைக் காணாமல் விட்டது. ஆசிரியப் பணியில் உள்ளோர் கடித்துப் பொறுப்பவை பல. நிரம்பாத வகுப்பறை, குறைந்துவரும் தமிழ்ப் பேச்சு, வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைகள் என அவை நீளும். அவற்றைப் பொறுக்க வேண்டா என்று நான் கூறவில்லை. பொறுக்கும்போது வாய் திறந்து ஒருவரிடம் சொல்லுங்கள் என்றே வேண்டுகின்றேன்.

அந்தப் பழைய ஆசிரியரை நான் மீண்டும் கண்டதில்லை. எனக்குச் சொடுக்கு வருமுன்பே அவர் மறைந்துவிட்டார் என்று அறிந்தேன். பள்ளிகள் மீண்டும் திறந்தபின் ஒருநாள், செய்யுள் படிக்கும்போது என் தாடை ஒலித்தது. முன்வரிசையில் ஒரு சிறுவன் சிரித்தான். புத்தகத்தை மூட எழுந்த கையை அடக்கிக்கொண்டு, அது என்ன ஒலி என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். என் ஆசிரியரின் கதையையும், நாங்கள் செய்ததையும் மறைக்காமல் கூறினேன். வகுப்பு அமைதியாயிற்று. ஒரு மாணவி கையை உயர்த்தி, "ஐயா, வலிக்கிறதா?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"சிறிது வலிக்கிறது, அம்மா" என்றேன். விட்ட அடியிலிருந்து செய்யுளைத் தொடர்ந்து படித்தேன்.